ரிசீவருக்கும் சர்வோவுக்கும் எத்தனை வோல்ட்? ஆர்.சி. வண்டி கட்டத் தொடங்குபவர்களுக்கு

என் இரண்டாவது ஆர்.சி. (ரிமோட்டில் ஓட்டும்) வண்டியில் 2 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரில் நேராக மாட்டினேன். 9 வோல்ட்டுக்கு மேலும் தாங்கும் என்று ரிசீவர் பெட்டியில் போட்டிருந்தது, அதை நம்பினேன். ஸ்டியரிங் முன்பைவிடச் சுறுசுறுப்பாகத் திரும்பியது. பத்து நிமிடத்தில் பிளாஸ்டிக் கருகும் வாசனை. சக்கரங்களை இடம் வலமாகத் திருப்பும் சின்ன மோட்டார் பெட்டியான சர்வோவைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. ரிசீவருக்கு ஒன்றும் ஆகவில்லை. 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காத சர்வோதான் போனது.

அன்று எனக்குத் தெரியாமல் இருந்தது இதுதான்: ரிசீவர் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்காது. அதன் பின்களில் நடுவரிசை முழுவதும் உள்ளே ஒரே கம்பியாக இணைந்திருக்கிறது. பேட்டரியிலிருந்து என்ன வோல்டேஜ் வருகிறதோ அதுவே சர்வோ, விசிறி, விளக்கு எல்லாவற்றுக்கும் போகும். நம் வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாதிரி. ரிசீவர் தனக்கு வேண்டியதை மட்டும் உள்ளே குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருவதெல்லாம் எளிது.

படி 1: எல்லாவற்றின் வோல்டேஜையும் எழுதுங்கள்

ரிசீவரில் செருகப்போகும் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அதன் குறைந்தபட்ச, அதிகபட்ச வோல்டேஜை ஒரு தாளில் எழுதுங்கள். விசிறியை விட்டுவிடாதீர்கள். 5 வோல்ட் விசிறியை 7.4 வோல்ட்டில் ஓட்டிப் போக்கியவர்கள் நிறையப் பேர்.

ஒரு உதாரணம். பலரிடம் இருக்கும் ஃப்ளைஸ்கை எஃப்.எஸ்-ஐ.ஏ.6பி ரிசீவரின் கையேட்டில் 4.0 முதல் 6.5 வோல்ட் என்று இருக்கும். எம்.ஜி.996ஆர் சர்வோவுக்கு 4.8 முதல் 7.2. இரண்டுக்கும் பொதுவானது 4.8 முதல் 6.5 வரை. இந்த வண்டிக்கு அதுதான் எல்லை. உங்கள் ரிசீவரின் அளவை அதன் கையேட்டிலேயே பாருங்கள், ஒரே பெயரில் வரும் மாடல்களுக்குள்ளும் வேறுபாடு இருக்கலாம்.

படி 2: பேட்டரியின் முழு சார்ஜைக் கணக்கில் எடுங்கள்

பேட்டரி மேல் அச்சிட்டிருக்கும் எண் சராசரிதான். 7.4 வோல்ட் என்று போட்ட 2 செல் லிப்போ, சார்ஜரிலிருந்து எடுத்ததும் 8.4 காட்டும். 6.6 என்று போட்ட 2 செல் லைஃபே (லித்தியம் இரும்பு பாஸ்பேட்), 7.2 காட்டும். 5 செல் நிக்கல் பேட்டரியை 6 வோல்ட் என்பார்கள், ஆனால் புதிதாக சார்ஜ் ஏறியதும் செல்லுக்கு ஏறக்குறைய 1.4 வீதம் 7 வோல்ட்டைத் தொடும். மேலே சொன்ன 6.5 வோல்ட் எல்லைக்கு இந்த மூன்றுமே அதிகம்.

கொஞ்சம் கூடினால் என்ன என்று தோன்றும். 6 வோல்ட் சர்வோவுக்கு 8.4 கொடுத்தால், அது திணறி நிற்கும்போது மோட்டாரில் உண்டாகும் சூடு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. வோல்டேஜ் 1.4 மடங்கு கூடினால், கரண்டும் அதே அளவு கூடுவதால்தான் இப்படி. என் சர்வோ கருகியது இதனால்தான்.

அதனால்தான் நடுவில் பெக் (BEC) வேண்டும். பேட்டரி வோல்டேஜைக் குறைத்து, நிலையாகத் தரும் சின்ன சர்க்யூட் அது. கார்களுக்கான பெரும்பாலான ஈ.எஸ்.சி.களில் (வண்டியை ஓட்டும் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) உள்ளேயே இருக்கும். ஈ.எஸ்.சி.யிலிருந்து ரிசீவருக்கு வரும் மூன்று வயரில் நடுவிலுள்ள சிவப்பு வயர்தான் பெக்கின் வெளியீடு. 5 வோல்ட்டா, 6 வோல்ட்டா, அல்லது 6-க்கும் 7.4-க்கும் மாற்றிக்கொள்ளக் கூடியதா என்று பாருங்கள். மாற்றக்கூடியதாக இருந்தால், அது இப்போது எதில் நிற்கிறது என்று அளந்து பார்த்த பிறகே சர்வோவை மாட்டுங்கள். பழைய ஈ.எஸ்.சி. வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

படி 3: ஆம்பியர்

புதியவர்கள் தாண்டிப் போகும் இடம் இது. வோல்டேஜ் சரியாக இருந்தும் வண்டி நடுவழியில் செத்துச் செத்துப் பிழைக்கிறதென்றால், முதலில் இங்கே பாருங்கள்.

எம்.ஜி.996ஆர் சாதாரணமாகத் திரும்பும்போது 6 வோல்ட்டில் அரை முதல் ஒரு ஆம்பியருக்குள் எடுக்கும். சக்கரம் கல்லில் மாட்டித் திரும்ப முடியாமல் நின்றால் 2.5 ஆம்பியர் வரை எடுக்கும். கணக்குப் போட வேண்டியது இந்த நின்றுபோகும் கரண்டை வைத்துத்தான். 3 ஆம்பியர் பெக் ஒரு சர்வோவுக்கு ஒப்பேறும். பின்சக்கரமும் திரும்பும் கிராலரில் (பாறைமேல் மெதுவாக ஏறும் வண்டி) இரண்டு சர்வோ இருந்தால் 5 ஆம்பியர் ஆகிவிடும், அந்த பெக் போதாது.

போதாவிட்டால் என்ன ஆகும்? வீட்டில் கிரைண்டர் போட்டதும் டியூப்லைட் ஒரு நொடி மங்குமே, அதேதான். வோல்டேஜ் சரிந்து, ரிசீவர் அணைந்து மறுபடி உயிர் பெறும். அந்த இடைவெளியில் வண்டி உங்கள் பேச்சைக் கேட்காது. அப்புறம் ரிமோட்டில் கோளாறு, ரேஞ்ச் இல்லை என்று தேடிக்கொண்டிருப்போம்.

பழைய வகை லீனியர் பெக் என்றால் இன்னும் கவனம் தேவை. அது அதிகப்படி வோல்டேஜைச் சூடாக்கியே கழிக்கும். 3 செல் லிப்போவின் 11.1 வோல்ட்டை 5-ஆக்கி 2 ஆம்பியர் கொடுக்க வேண்டுமானால் 12 வாட் சூடு அந்தச் சின்னப் பலகையில் ஏறும். 3 செல் போடுவதாக இருந்தால் ஸ்விட்சிங் வகை பெக்காகப் பார்த்து வாங்குங்கள்.

படி 4: அளந்து பாருங்கள்

மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். சக்கரங்கள் தரையில் படாதபடி வண்டியை ஒரு பெட்டி மேல் தூக்கி வையுங்கள். சர்வோவைக் கழற்றிவிட்டு, ரிசீவரில் காலியாக இருக்கும் சேனலில் (சர்வோ செருகும் மூன்று பின் இடம்) பழைய சர்வோ வயர் ஒன்றைச் செருகி, அதன் வெட்டிய முனைகளில் அளங்கள். சிவப்பில் சிவப்பு முனை, கறுப்பு அல்லது பழுப்பில் கறுப்பு முனை. மீட்டர் முனையை நேராக பின்களுக்குள் நுழைக்க வேண்டாம். பக்கத்து பின்னைத் தொட்டால் பெக் ஷார்ட் ஆகிவிடும்.

எண் உங்கள் தாளிலுள்ள எல்லைக்குள் இருந்தால் மின்சாரத்தை அணைத்துவிட்டு சர்வோவை மாட்டுங்கள். பிறகு வண்டியைத் தரைவிரிப்பில் இறக்கி, மோட்டாரை ஓட்டாமல், ஸ்டியரிங்கை மட்டும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வேகமாகத் திருப்புங்கள். மீட்டரைப் பாருங்கள். 6.0 என்பது 5.8-க்கு இறங்கினால் பரவாயில்லை. 5-க்குக் கீழே விழுந்தால் பெக் திணறுகிறது. நொடிக்கும் குறைவான சரிவை மீட்டர் காட்டாது, ஆகவே குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைக்கும் வசதி உங்கள் மீட்டரில் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஐ.ஏ.6பி ரிசீவர் தனக்கு வரும் வோல்டேஜை எஃப்.எஸ்-ஐ6 ரிமோட்டின் திரைக்கே அனுப்பும். ஓட்டும்போதும் ஒரு கண் அதில் இருக்கட்டும்.

படி 5: பெக் திணறினால்

தனி பெக் வாங்கிப் போடுவதுதான் நிலையான தீர்வு. அதன் உள்ளீட்டைப் பேட்டரியோடும், வெளியீட்டை ரிசீவரின் பேட்டரி போர்ட்டிலோ காலி சேனலிலோ இணையுங்கள். அதற்கு முன் ஈ.எஸ்.சி. கனெக்டரிலிருந்து சிவப்பு வயரை மட்டும் உருவி, முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு பெக்குகள் ஒரே கம்பியில் மோதிக்கொள்ளும். கனெக்டரிலுள்ள சின்னப் பிளாஸ்டிக் நாக்கை ஊசியால் மெல்லத் தூக்கினால் வயர் தானாக வெளியே வரும், வெட்ட வேண்டியதில்லை. கறுப்பும் சிக்னல் வயரும் அப்படியே இருக்க வேண்டும்.

4700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை ரிசீவரின் காலி சேனலில் செருகுவார்கள். நொடிப்பொழுதுச் சரிவுகளுக்கு அது உதவும். ஆம்பியரே போதாத பெக்கை அது காப்பாற்றாது.

அதிக வோல்டேஜில் ஓடும் எச்.வி. சர்வோ வாங்கிவிட்டீர்கள், ரிசீவரோ 6.5 வோல்ட்தான் தாங்கும் என்றால்? சர்வோவுக்கு மின்சாரத்தை 7.4 வோல்ட் பெக்கிலிருந்து தனியாகக் கொடுத்து, சிக்னல் வயரை மட்டும் ரிசீவருக்குக் கொண்டுபோகலாம். ஆனால் இரண்டு பக்கத்துக் கறுப்பு வயர்களும் சேர்ந்தே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சர்வோவுக்கு சிக்னல் புரியாமல் நடுங்கும்.

படி 6: சிக்னல் வேகம்

வோல்டேஜ் எல்லாம் சரி, ஆனாலும் சர்வோ சும்மா நிற்கும்போதே சூடாகிறதா? ரிமோட்டின் சர்வோ அமைப்பைப் பாருங்கள். சாதாரண அனலாக் சர்வோ நொடிக்கு ஏறக்குறைய 50 முறை சிக்னல் வாங்குவதற்காகச் செய்யப்பட்டது. டிஜிட்டல் சர்வோவுக்கான 333 போன்ற வேகத்தை அதற்குக் கொடுத்தால் ஓயாமல் உறுமிச் சூடேறிக் கருகும். சான்வாவின் எஸ்.எஸ்.ஆர்., ஃபுட்டாபாவின் எஸ்.ஆர். போன்ற அதிவேக முறைகளை, அவற்றை ஏற்பதாகக் கையேட்டிலேயே சொல்லும் சர்வோக்களுக்கு மட்டும் போடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சக்கரங்களைத் தூக்கி வைத்த நிலையிலேயே, ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்திக்கொண்டு ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால், சிக்னல் போனதும் மோட்டாரை நிறுத்தும் ஃபெயில்சேஃபை அமைத்துவிட்டு, மறுபடி சோதித்த பிறகே வண்டியைத் தரையில் விடுங்கள்.