அரசுப் பள்ளிக் கல்வியைச் சீர்திருத்த எங்கிருந்து தொடங்குவது?

கல்வியே எங்கள் முதற்கடமை என்று சொல்லாத அரசு எந்த நாட்டிலும் இல்லை. அந்தச் சொல் செயலாக வேண்டுமானால், பாடத்திட்டம், கட்டடம், கணினி, தேர்வுமுறை என எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் கைவைக்கும் ஆசையை முதலில் விட்டுவிட வேண்டும். மூன்றாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் முன்பின் பார்த்திராத ஒரு பத்தியைத் தானே வாசித்துப் பொருள் சொல்ல வேண்டும் என்பதை முதல் இலக்காக வைத்து, நிதியையும் ஆசிரியர் நியமனத்தையும் நிர்வாகத்தையும் அதற்கேற்பத் திருப்புவதே நான் பரிந்துரைக்கும் வழி. வாசிக்கத் தெரியாமல் நான்காம் வகுப்புக்குப் போகும் குழந்தைக்கு அதன்பின் நடத்தப்படும் கணக்கும் அறிவியலும் வரலாறும் காதில் விழும் ஓசையாகவே நின்றுவிடுகின்றன.

எனவே, முதல் வேலை உள்ள நிலையை உள்ளபடி அறிவது. பாடநூலைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் பல குழந்தைகள் தடங்கலின்றி ஒப்பித்துவிடுவார்கள். அதே பக்கத்தின் நடுவிலிருக்கும் ஒரு சொல்லைத் தொட்டு, ‘இது என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். எழுத்தறியாத குழந்தையின் விரல் மெல்ல வரியின் தொடக்கத்துக்குப் போகும். அங்கிருந்து மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே வந்து, அந்தச் சொல்லை எட்டியதும் நிமிர்ந்து பார்க்கும். வகுப்புத் தேர்வின் மதிப்பெண் பட்டியல் இதை ஒருபோதும் காட்டாது. ஆகவே, பாடநூலில் இல்லாத ஒரு பத்தியை, அந்தப் பள்ளியைச் சாராத ஒருவர், ஒவ்வொரு குழந்தையிடமும் தனித்தனியே கொடுத்துக் கேட்க வேண்டும். எல்லாப் பள்ளிகளுக்கும் போகத் தேவையில்லை. மாதிரியாகத் தேர்ந்தெடுத்த பள்ளிகளே போதும். கண்டறிந்ததை வைத்து ஆசிரியரைத் தண்டிக்கக் கூடாது. தண்டனை வரும் என்று தெரிந்துவிட்டால் அடுத்த ஆண்டு பொய்க்கணக்குதான் வரும். குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் 10 வயதுக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் எளிய கதையைப் படித்துப் புரிந்துகொள்ள இயலாதவர்கள் என்று உலக வங்கி 2019இல் அறிவித்ததை நினைத்தால், இந்தச் சோதனையில் கிடைக்கும் விடை எந்த அரசுக்கும் கசப்பாகவே இருக்கக்கூடும். அதை மறைக்காமல் வெளியிடும் துணிவிலிருந்துதான் சீர்திருத்தம் தொடங்குகிறது.

பிரேசிலின் சியாரா மாநிலத்திலுள்ள சோப்ரால் நகரம் இப்படித்தான் தொடங்கியது. பள்ளிக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகளில் பெரும் பகுதியினருக்கு வாசிக்கத் தெரியவில்லை என்பதை 2000ஆம் ஆண்டுவாக்கில் கண்டறிந்தபின், அரசியல் பரிந்துரையால் தலைமை ஆசிரியர்களை அமர்த்தும் வழக்கத்தைக் கைவிட்டு, தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

அடுத்தது நிதி. 2015இல் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் கூடிய உலகக் கல்வி மாநாடு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 விழுக்காடு அல்லது மொத்த அரசுச் செலவில் 15 முதல் 20 விழுக்காடு கல்விக்குச் செல்ல வேண்டும் என்று அளவுகோல் வகுத்தது. வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கிய தொகையை மட்டும் பார்த்து மன நிறைவு கொள்ளாமல், ஆண்டு முடிவில் உண்மையில் செலவான தொகை எவ்வளவு, பள்ளி திறந்த நாளன்று பாடநூல் குழந்தையின் கைக்கு வந்ததா என்று பார்க்க வேண்டும். நிதியை இலக்கோடு பிணைக்கவும் வழி உண்டு. நகராட்சிகளுக்குப் பகிரப்படும் மாநில விற்பனை வரிப் பங்கில் 18 விழுக்காட்டைக் கல்வி அடைவின் அடிப்படையில் பிரிக்கும் சட்டத்தைச் சியாரா 2007இல் கொண்டுவந்தது. இதைப் பின்பற்றுவோர், தேர்வுக்கு வராத குழந்தையை வாசிக்கத் தெரியாத குழந்தையாகவே கணக்கில் சேர்க்க வேண்டும்; இல்லையேல் பின்தங்கிய பிள்ளைகளைத் தேர்வு நாளில் வீட்டில் இருக்கச் சொல்லும் கொடுமை நிகழும்.

ஆசிரியர் விஷயத்தில்தான் அதிகப் பொறுமை வேண்டும். பள்ளியின் மிகத் திறமையான ஆசிரியரைப் பொதுத்தேர்வு வகுப்புக்கு அனுப்பிவிட்டு, புதிதாக வந்தவரிடம் முதல் வகுப்பை ஒப்படைக்கும் பழக்கத்தைத் தலைகீழாக மாற்ற வேண்டும். எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்பிப்பது அத்தனை நுட்பமான வேலை. காலிப் பணியிடங்களைக் கல்வியாண்டு தொடங்குமுன் நிரப்புவதும், ஆண்டின் நடுவில் பணியிட மாறுதல் தராதிருப்பதும், பதிவேடுகளையும் படிவங்களையும் குறைப்பதும் பெரும் செலவில்லாத சீர்திருத்தங்கள். பயிற்சியை மண்டபத்தில் உரையாக நடத்துவதைவிட, அனுபவம் மிக்க ஒருவர் வகுப்பறையின் பின்வரிசையில் அமர்ந்து பாடத்தைக் கவனித்து, பிறகு அந்த ஆசிரியரோடு தனியே பேசுவது பன்மடங்கு பயன் தரும்.

பின்லாந்தைப் பார்த்து, பள்ளிகளுக்குச் சென்று சோதிக்கும் ஆய்வாளர் முறையை உடனே ஒழிக்க விரும்புவோர், அந்நாடு எந்த வரிசையில் நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே பொதுப்பள்ளி என்ற சட்டம் 1968இல் நிறைவேறியது. 1972இல் வடகோடியிலுள்ள லாப்லாந்தில் தொடங்கி, 1977இல் தென்பகுதியை எட்டியது. ஆசிரியர்களுக்கு முதுகலைத் தகுதி வேண்டும் என்பது 1979இல் வந்தது. பள்ளி ஆய்வு கைவிடப்பட்டது 1990களின் தொடக்கத்தில்தான். முதலில் ஆசிரியர்களின் திறனை வளர்த்தார்கள். அவர்களை நம்பிக் கண்காணிப்பை விட்டுக்கொடுத்தது அதற்குப் பிறகே. தலைநகரில் தொடங்காமல் தொலைவிலிருந்து தொடங்கியதும் பின்பற்றத்தக்கது.

முதல் வகுப்பில் சேரும் குழந்தை பள்ளியை விட்டு வெளிவர ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். அரசின் ஆயுளோ நான்கைந்து ஆண்டுகள். எனவே இலக்கை அரசாணையில் விடாமல் சட்டத்தில் எழுதி, எதிர்க்கட்சிகளின் ஒப்புதலையும் பெற்று, அளவிடும் பொறுப்பைக் கல்வித்துறைக்கு வெளியே உள்ள தன்னாட்சி அமைப்பிடம் கொடுத்து, அதன் அறிக்கை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும் என்று வகுத்துவிட வேண்டும். முதல் ஆண்டு முடிந்ததும், அதே மாதத்தில், அதே பள்ளிகளுக்கு, அதே கடினத்தன்மை கொண்ட வேறொரு பத்தியோடு செல்லுங்கள்.