பங்கு விலை இறங்கினால் கம்பெனிக்கு என்ன நஷ்டம்? பலரும் தவறவிடும் கணக்குகள்

"ஐபிஓ எனும் முதல் பொதுப் பங்கு விற்பனை முடிந்தபோதே கம்பெனிக்குப் பணம் வந்துவிட்டது. அதன்பிறகு யாரோ விற்கிறார்கள், யாரோ வாங்குகிறார்கள். விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன?" என்று கேட்பவர்கள் நிறைய. தினசரி வர்த்தகத்தில் கம்பெனிக்கு ஒரு ரூபாயும் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் கம்பெனி மறுபடியும் பணம் திரட்ட வேண்டிய நாள் வரும். அன்று எத்தனை பங்குகளைக் கொடுக்க வேண்டும் என்பதை அன்றைய விலைதான் முடிவு செய்யும். இதை மறப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட.

யெஸ் பேங்க் கணக்கைப் பாருங்கள். 2017 மார்ச்சில் க்யூஐபி முறையில், ஒரு பங்கு 1,500 ரூபாய் என நிறுவன முதலீட்டாளர்களுக்கு விற்று சுமார் 4,900 கோடி ரூபாய் திரட்டியது. அந்த ஆண்டே ஒரு பங்கு ஐந்தாகப் பிரிக்கப்பட்டதால், பிரித்தபின் கணக்கில் அது 300 ரூபாய். கொடுத்த பங்குகள் ஏறத்தாழ 16 கோடி. 2019 ஆகஸ்டில் மறுபடி க்யூஐபி. இம்முறை விலை 83.55 ரூபாய். 23 கோடிப் பங்குகளைக் கொடுத்தும் கிடைத்தது 1,930 கோடிதான். 2020 ஜூலையில் பொதுமக்களுக்கும் பங்கு விற்கும் எஃப்பிஓ வந்தது, அதில் விலை 12 ரூபாய். 15,000 கோடிக்கு 1,250 கோடிப் பங்குகள். அந்த ஒரே வெளியீட்டில் வங்கியின் மொத்தப் பங்குகள் ஏறக்குறைய இரட்டிப்பாயின. பழைய பங்குதாரரின் உரிமை பாதியானது. வாராக்கடன்தான் விலையை வீழ்த்தியது. மூலதனத்தைத் தேட வைத்ததும் அதே வாராக்கடன்தான். பணம் அவசரமாகத் தேவைப்படும் நேரத்தில்தான் விலையும் அடிமட்டத்தில் இருக்கும்.

குறைந்த விலையை ஏற்காமல் தன் இஷ்டத்துக்கு ஒரு விலை வைக்கலாமே என்றால், அதை வாங்க ஆள் வர மாட்டார்கள். அதிகம் தள்ளுபடி கொடுக்கவும் முடியாது. க்யூஐபிக்கு பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி வைத்திருக்கும் அடிப்படை விலை, முந்தைய இரண்டு வாரங்களின் சந்தை விலைச் சராசரி. பங்குதாரர்கள் ஒப்புக்கொண்டால் அதிலிருந்து 5% வரை குறைக்கலாம், அவ்வளவுதான்.

அடுத்த தவறு, ஒரு பங்கின் விலையை வைத்துக் கம்பெனியின் அளவை எடைபோடுவது. சென்னையின் எம்ஆர்எஃப் பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. ஆனால் அதன் மொத்தப் பங்குகள் சுமார் 42.4 லட்சம்தான், ஆகவே சந்தை மதிப்பு 42,400 கோடி. அதே சமயத்தில் 3,000 ரூபாய்க்குச் சற்று மேலே விற்ற டிசிஎஸ்ஸுக்கு 360 கோடிக்கும் மேல் பங்குகள்; மதிப்பு 10 லட்சம் கோடியைத் தாண்டும். பங்கைப் பிரித்தாலும் போனஸ் கொடுத்தாலும் இந்தப் பெருக்குத்தொகை மாறாது.

அடமானம் பற்றிய தவறு ஆபத்தானது. கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதன்மைப் பங்குதாரரான புரொமோட்டர் தன் பங்குகளை அடகு வைத்து வாங்கும் கடன் அவர் சொந்த விவகாரம் என்று விட்டுவிடுகிறோம். 100 கோடிக் கடனுக்கு 200 கோடி மதிப்புள்ள பங்குகள் ஈடு என்று வையுங்கள். விலை 30% இறங்கினால் ஈடு 140 கோடியாகிறது. இன்னும் 60 கோடிக்குப் பங்குகளோ பணமோ கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாவிட்டால் கடன் தந்தவர் பங்குகளைச் சந்தையில் விற்பார். அதனால் விலை மேலும் இறங்கும், கடன் தந்த அடுத்தவரும் விற்பார். கடைசியில் கம்பெனியின் கட்டுப்பாடே கைமாறலாம்.

காலாண்டுதோறும் என்எஸ்இ, பிஎஸ்இ தளங்களில் வரும் பங்குதாரர் விவரத்தில் இதைப் பார்க்கலாம். அங்கே வரும் அடமானச் சதவீதம் எதில் கணக்கிடப்பட்டது என்று கவனியுங்கள். புரொமோட்டரிடம் 40% இருந்து, அதில் 60% அடமானம் என்றால், கம்பெனியின் மொத்தப் பங்குகளில் 24% அடகில் இருக்கிறது. புரொமோட்டர் பங்கில் 50%, அல்லது மொத்தத்தில் 20% எட்டினால் காரணத்தையும் சொல்ல வேண்டும் என்பது செபி விதி. அந்தக் காரணத்தைக் கட்டாயம் படியுங்கள்.

புரொமோட்டர் பங்கு குறைவாக இருக்கும் கம்பெனிக்கு இன்னொரு கவலை, வெளியாள் கைப்பற்றிவிடுவாரோ என்பது. வெளியாள் ஒருவர் 25% எட்டினால், மற்றப் பங்குதாரர்களிடம் மேலும் 26% வாங்க முன்வருவதாக ஓப்பன் ஆஃபர் அறிவித்தாக வேண்டும். விலை பாதியானால் அந்த 51%-ஐ வாங்கும் செலவும் ஏறக்குறைய பாதியாகும்.

ஊழியர்களையும் மறக்கக் கூடாது. ஒரு பங்கை 400 ரூபாய்க்கு வாங்கும் உரிமையை, அதாவது ஈஸாப்பை, அவர்களுக்குக் கொடுத்திருக்கும்போது பங்கு 250-இல் விற்றால், அந்த உரிமையை யாரும் பயன்படுத்த மாட்டார்கள். நல்ல பொறியாளரைத் தக்கவைக்க, பங்காகக் கொடுக்க நினைத்ததைக் கம்பெனி ரொக்கச் சம்பளமாகக் கொடுக்க வேண்டிவரும்.