மினி குடைமிளகாய்: ஆடியில் விதைத்தால் ஏன் காய்ப்பதில்லை?

செடி முழங்கால் உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நிற்கும். பூவும் வைக்கும். இரண்டே நாளில் அந்தப் பூ காம்போடு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். மாடித்தோட்டத்தில் மினி குடைமிளகாய் வைத்தவர்கள் அதிகம் சொல்லும் குறை இது. சத்து போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் உரம் அள்ளிப் போடுவார்கள். கோளாறு பெரும்பாலும் உரத்தில் இல்லை, விதைத்த மாதத்தில் இருக்கிறது.

இரவு வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்காமலே இருந்தாலும், பகலில் 32, 33 டிகிரியைத் தாண்டினாலும் குடைமிளகாயின் மகரந்தம் கெட்டு, பிஞ்சு பிடிக்காமல் போகும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது வெண்டைக்கும் அவரைக்கும் சரி. ஆடியில் போட்ட குடைமிளகாய் புரட்டாசி, ஐப்பசியிலேயே பூத்துவிடும். சென்னையிலும் மதுரையிலும் அப்போது இரவு இன்னும் புழுக்கம்தான். விதைத்ததிலிருந்து முதல் பூ வர ஏறத்தாழ 75 முதல் 90 நாள் ஆகும். அதனால் ஆவணிக் கடைசியிலோ புரட்டாசி முதல் வாரத்திலோ விதைத்தால் கார்த்திகைக் கடைசியிலும் மார்கழியிலும் பூக்கும், தை, மாசியில் காய் பறிக்கலாம். ஊட்டி, கொடைக்கானலில் கணக்கு வேறு. அங்கே இரவு 15 டிகிரிக்குக் கீழே போவதுதான் சிக்கல் என்பதால், கோடையை ஒட்டிப் பூக்கும்படி விதைக்க வேண்டும்.

அடுத்த தவறு விதையில். கடையில் வாங்கிய பச்சைக் குடைமிளகாயை அறுத்து எடுத்த விதை முற்றாதது, பெரும்பாலும் முளைக்காது. நன்றாகப் பழுத்த சிவப்பு, மஞ்சள் காயின் விதை முளைக்கும். ஆனால் அவற்றில் பல வீரிய ஒட்டு ரகம், அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கியவை. தாய்க்காயைப் போலவே காய்க்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பக்கத்துத் தொட்டியில் காரமிளகாய் இருந்தால் இந்த வருடக் காய் காரமாகிவிடும் என்ற பயமும் வேண்டாம். அயல் மகரந்தம் சேர்ந்தாலும் காயின் சதை மாறாது. அந்தக் காயின் விதையைச் சேமித்து அடுத்த வருடம் போட்டால்தான் காரம் தலைகாட்டும்.

நாற்று வளர்க்கும் குழித்தட்டில் தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் சம அளவில் கலந்து, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் குழிக்கு ஒரு விதை போடுங்கள். நார்க்கழிவை இரண்டு மூன்று முறை அலசாமல் பயன்படுத்தினால் அதிலுள்ள உப்பு வேரைப் பாதிக்கும். முளைக்க 8 முதல் 14 நாள். 'இன்னும் வரவில்லையே' என்று தினமும் தண்ணீர் ஊற்றுவதால்தான் நாற்றழுகல் வருகிறது. தண்டு அடியில் நூலாகி நாற்று சாயும். மேல்பகுதி லேசாகக் காய்ந்த பிறகு தெளித்தால் போதும். முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்கு மாற்றிவிடுங்கள். அறைக்குள் வைத்த நாற்று வெளிச்சம் தேடி வெளிறி நீளும், அதைப் பிறகு தேற்றுவது கடினம்.

ஐந்தாறு வாரத்தில் நான்கு முதல் ஆறு இலை வந்திருக்கும். நேரே மொட்டை மாடி வெயிலில் நட்டால் இலை வெந்துபோகும். ஒரு வாரம் காலை வெயிலில் மட்டும் வைத்துப் பழக்குங்கள். நடும் நேரம் ஐப்பசி அடைமழையாக இருக்கும். செடி நட்ட பையின் அடியில் துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முடிந்தால் கூரை விளிம்புக்குள் வையுங்கள். பை 12 அங்குல அகலமும் அதே உயரமும் இருக்கட்டும். காய் சிறியது என்பதற்காக ஒரே பையில் மூன்று செடி வைக்காதீர்கள். சிறியது காய்தான், வேர் அல்ல. செம்மண், நார்க்கழிவு, மண்புழு உரம் சம பங்கு, அதோடு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு.

தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் இலைதான் பெருகும். பூ வரத் தொடங்கியதும் தொழுஉரக் கரைசலைக் குறைத்து, சாம்பல்சத்து (பொட்டாசியம்) உள்ள உரத்துக்கு மாறுங்கள். காயின் நுனி கறுத்து அழுகினால் உடனே முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுகிறார்கள். அது கரைய மாதக்கணக்காகும். மண்ணில் சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) இருந்தும் காய்க்குப் போய்ச் சேராததே பெரும்பாலும் காரணம். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதை நிறுத்தி, மேலே காய்ந்த இலை மூடாக்குப் போட்டால் அடுத்த காய்கள் சரியாக வரும்.

இலை மேல்நோக்கிச் சுருண்டால் சாறு உறிஞ்சும் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் மிகச் சிறிய சிலந்திப்பேன் என்று முதலில் சந்தேகப்படலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, இலையின் அடிப்பக்கம் நனைய மாலையில் தெளியுங்கள். வெயில் நேரத்தில் தெளித்தால் இலை கருகும்.

முழுப் பருமனான பச்சைக் காய் நிறம் மாற இன்னும் இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். இனிப்பு அப்போதுதான் ஏறும், பச்சையிலேயே பறித்துவிட்டுச் சப்பென்று இருக்கிறது என்று சொல்லிப் பயனில்லை. கிளை எளிதில் ஒடியும், கையால் இழுக்காமல் கத்தரிக்கோலால் காம்போடு வெட்டுங்கள். அணில் தொல்லை இருந்தால் பாதி நிறம் ஏறியதுமே வெட்டி வீட்டுக்குள் வைத்துவிடலாம், மீதி நிறம் சில நாளில் ஏறிவிடும்.