அமெரிக்காவில் வீடு மறுக்கப்பட்டால்: தேடுவோரும் வாடகைக்கு விடுவோரும் செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் வீடு மறுக்கப்படும்போது உண்மையான காரணம் பெரும்பாலும் வெளியே வராது. “நேற்றுத்தான் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்” என்பார்கள். “சின்னக் குழந்தைகள் இருப்பவர்களுக்கு மூன்றாவது மாடி சரிப்படாது” என்பார்கள். “உங்கள் ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம்தான் அதிகம், அங்கே பாருங்களேன்” என்று அக்கறையோடு வழிகாட்டவும் செய்வார்கள். முதலாவது உண்மையாகவும் இருக்கலாம். மற்ற இரண்டும் சட்டம் தடை செய்திருப்பவை. நம்மில் பெரும்பாலோர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விடுகிறோம் என்பதால்தான் இந்த வழிகாட்டியை எழுத வேண்டியிருக்கிறது.

மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், ஏப்ரல் 11 அன்று, அதிபர் லிண்டன் ஜான்சன் நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இனம், நிறம், மதம், பூர்விக நாடு ஆகியவற்றைக் காட்டி வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ மறுப்பதை அது தடை செய்தது. 1974இல் பாலினமும், 1988இல் உடற்குறையும், பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு வாழும் குடும்ப நிலையும் சேர்க்கப்பட்டன. கருவுற்ற பெண்களுக்கும் இந்தக் கடைசிப் பிரிவு பொருந்தும். குடியுரிமை பெற்றவர்களுக்கு மட்டுமான பாதுகாப்பு இது என்று நினைக்க வேண்டாம். விசாவில் இருப்பவருக்கும் இது உண்டு. அதே வேளையில், வருமானம், கடன் வரலாறு, முந்தைய வாடகைப் பதிவு ஆகியவற்றைப் பார்த்து முடிவெடுக்க உரிமையாளருக்கு உரிமை இருக்கிறது; அந்த அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

மாநிலச் சட்டங்களும் நகரச் சட்டங்களும் இதைவிட விரிந்து செல்வதுண்டு. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி ஆகிய மாநிலங்களில் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டி மறுப்பதும் சட்டவிரோதம். சியாட்டில் நகரம் 2023இல் சாதியையும் தன் தடைப் பட்டியலில் சேர்த்தது; வாடகைக்கும் வீட்டு விற்பனைக்கும் அது பொருந்தும். ஆகவே வீடு தேடும் ஊரின் சட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மறுப்பு நியாயமானதா என்பதை அந்த நிமிடத்திலேயே உறுதி செய்ய முடியாது; நாள் தவறாமல் எழுதிவைத்த குறிப்புகள்தான் பின்னர் அதைக் காட்டும். விளம்பரத்தைப் பார்த்த அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வாடகைதாரரைத் தேர்ந்தெடுக்க என்ன அளவுகோல் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் பேசினால், பேசி முடித்ததும் நாள், நேரம், பேசியவர் பெயர், அவர் சொன்ன சொற்கள் ஆகியவற்றை அப்படியே குறித்துக்கொண்டு, “நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்” என்று அவருக்கே ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். ரகசியமாகப் பதிவு செய்ய வேண்டாம். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் எதிர்த்தரப்பின் ஒப்புதல் இல்லாமல் உரையாடலைப் பதிவு செய்வதே குற்றம். மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கடன் அறிக்கையைப் பார்த்து மறுத்திருந்தால், அந்த அறிக்கையைத் தந்த நிறுவனம் எது என்பதை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது உரிமையாளரின் கடமை. பிறகு, அதே வீடு இன்னும் விளம்பரத்தில் இருக்கிறதா என்று சில நாட்கள் கவனித்து வாருங்கள்.

சந்தேகம் வலுத்தால், வீட்டுவசதிப் பாகுபாட்டை எதிர்த்து உங்கள் பகுதியில் இயங்கும் நியாயமான வீட்டுவசதி அமைப்பை அணுகுங்கள். வருமானத்திலும் தகுதியிலும் ஒத்திருந்து, பின்னணியில் மட்டும் வேறுபடும் இருவரை அந்த வீட்டுக்கு அனுப்பி, இருவருக்கும் கிடைக்கும் பதில்களை அவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இத்தகைய சோதனையில் பொய்த் தகவல் பெற்றவருக்கும் வழக்குத் தொடர உரிமை உண்டு என்று 1982இல் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது.

மத்திய அரசின் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற மேம்பாட்டுத் துறையிடம் (HUD) புகார் கொடுக்க, சம்பவம் நடந்த நாளிலிருந்து ஓராண்டு அவகாசம் உண்டு. இதற்குக் கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நேரடியாக நீதிமன்றம் செல்வதானால் இரண்டு ஆண்டுகள். துறையின் நடவடிக்கை நிலுவையில் இருக்கும் காலம் இந்த இரண்டு ஆண்டுகளில் சேராது. புகார் கொடுத்ததற்காக உரிமையாளர் மிரட்டினாலோ வெளியேற்ற முயன்றாலோ அதுவே தனிச் சட்டமீறலாகும்.

வயதான பெற்றோரை அழைத்து வந்து உடன் வைத்திருப்பவர்கள் உடற்குறை தொடர்பான பிரிவை அவசியம் அறிந்திருக்க வேண்டும். நடக்கச் சிரமப்படும் தாய்க்காக வாசலுக்கு அருகில் கார் நிறுத்தும் இடம் கேட்கலாம். குளியலறையில் கைப்பிடி பொருத்தவும் அனுமதி கேட்கலாம். தனியார் வீட்டில் கைப்பிடி போன்ற மாற்றங்களுக்கான செலவு பொதுவாக வாடகைதாரருடையது, ஆனால் நியாயமான கோரிக்கையை உரிமையாளர் தட்டிக்கழிக்க முடியாது. தேவை கண்ணுக்குத் தெரியாதபோது மருத்துவர் கடிதம் போதும். நோயின் முழு விவரத்தையும் சொல்ல வேண்டியதில்லை.

வீடு வாங்கும்போது, “இங்கே தமிழர்கள் நிறைய இருக்கிறார்களா?” என்று முகவரிடம் கேட்டால் அவர் பதில் சொல்லாமல் நழுவக்கூடும். அதை அவரது அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இனத்தையோ நாட்டையோ வைத்து வாங்குபவரை ஒரு பகுதிக்குத் திருப்பிவிடுவது சட்டவிரோதம் என்பதால்தான் அவர் தயங்குகிறார். பழைய பத்திரங்களில், வெள்ளையர் அல்லாதவருக்கு இந்த மனையை விற்கக் கூடாது என்ற வரி இன்றும் காணக்கிடைக்கிறது. 1948இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதன் பல்லைப் பிடுங்கிவிட்டது என்றாலும், தான் வாங்கும் வீட்டின் பத்திரத்திலேயே அதைப் படிக்க நேர்பவருக்கு அது சாதாரண வரியாக இருக்காது.

வீடு சொந்தமாக்கிக்கொண்ட நம்மவர்களுக்கு வருகிறேன். மனம் கூசினாலும் இதை எழுதாமல் விட முடியாது. “தமிழ்க் குடும்பத்துக்கு மட்டும்”, “சைவம் மட்டும்”, “குழந்தைகள் இல்லாத தம்பதிக்கு” என்று வாட்ஸ்அப் குழுக்களில் விளம்பரம் போடுகிறோம். முதலாவதும் மூன்றாவதும் சட்டத்தை நேராக மீறுகின்றன. உணவுப் பழக்கம் சட்டத்தின் பட்டியலில் இல்லைதான். ஆனால் அதைச் சல்லடையாக வைத்து மதத்தையோ சாதியையோ சலித்தெடுத்தால் அதுவே சாட்சியாக நிற்கும். நான்கு குடியிருப்புகளுக்கு மேற்படாத கட்டடத்தில் உரிமையாளரும் குடியிருந்தால் சில விலக்குகள் உண்டு. ஆனால் அந்த விலக்கு பாரபட்சமான விளம்பரத்தைக் காப்பாற்றாது. இன அடிப்படையில் மறுப்பதையும் 1866ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் தனியாகத் தடுக்கிறது.

விளம்பரத்தில் வீட்டைப் பற்றி எழுதுங்கள், குடிவரப்போகும் ஆளைப் பற்றி எழுதாதீர்கள். வருமானம் வாடகையைப் போல் எத்தனை மடங்கு இருக்க வேண்டும், எந்தக் காலத்து வாடகைப் பதிவு வேண்டும் என்பதை முன்கூட்டியே தாளில் எழுதி, கேட்கும் எல்லோருக்கும் அதையே அனுப்புங்கள். முழுமையான விண்ணப்பம் வந்த வரிசையிலேயே பரிசீலியுங்கள். தகுதியில்லாத விண்ணப்பத்துக்கு, அளவுகோலின் எந்த வரி நிறைவேறவில்லை என்று குறிப்பிட்டு எழுத்தில் பதில் கொடுத்து, அந்தப் பதிலின் பிரதியை விண்ணப்பத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.