கல்லா, கருவியா? கொசஸ்தலையாற்றுப் படுகையின் பழைய கற்காலக் கருவிகளைப் படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

எண்ணூர் கழிமுகத்தில் கடலோடு கலக்கும் கொசஸ்தலையாற்றை, வடசென்னையில் வாழும் நாம் அனல்மின் நிலையச் சாம்பலோடும் இறால் குறைந்துபோன வலைகளோடும் சேர்த்துத்தான் நினைத்துக்கொள்கிறோம். அதே ஆற்றின் படுகையில், சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வடமேற்கே, பூண்டி நீர்த்தேக்கப் பகுதிக்கு அருகில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கல்லைத் தட்டிக் கைக்கோடரி செய்திருக்கிறார்கள். வியாசர்பாடி ஜீவாவிலோ பெரம்பூரிலோ மின்ரயில் ஏறித் திருவள்ளூரில் இறங்கிப் பேருந்து பிடித்தால், ஒரு காலைப் பொழுதுக்குள் அந்தப் பகுதிக்குப் போய்விடலாம். ஆனால் போவதற்கு முன் கண்ணைப் பழக்க வேண்டும். பழகாத கண்ணுக்கு அங்கே கூழாங்கல்லும் செம்மண்ணும் மட்டுமே தெரியும். பாதி பழகிய கண்ணுக்கோ எல்லாக் கல்லும் கோடரியாகத் தெரியும். இரண்டாவது நிலைதான் அதிகத் தீங்கு செய்கிறது என்பது என் எண்ணம்.

முதல் வேலை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போவது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் பூட், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக்காகத் தோண்டியிருந்த ஒரு குழியில், மனிதர் செதுக்கிய ஒரு கல்லைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. அழிந்துபோன விலங்குகளின் காலத்திலேயே மனிதர் வாழ்ந்தார்கள் என்பதை ஐரோப்பிய அறிஞர்கள் பரவலாக ஏற்றுக்கொண்டு அப்போது நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்தச் செய்தி அவர் மனதில் இருந்ததால்தான் சரளைக் குழி அவருக்கு வேறுவிதமாகத் தெரிந்தது. அதே ஆண்டில் அவர் சக நிலவியலாளர் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்தையும் கண்டறிந்தார். அவர் பல ஆண்டுகளாகச் சேர்த்த தொகுப்பை 1904இல் எழும்பூர் அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. அங்கே கருவிகளைப் பார்க்கும்போது பெயர்ப் பலகையை முதலில் படிக்காதீர்கள். கல்லின் ஓரத்தை மட்டும் பார்த்து, எத்தனை இடத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறது, அது ஒரு முகத்திலா இரண்டு முகத்திலுமா என்று நோட்டில் எழுதிக்கொண்ட பிறகு பலகைக்கு வாருங்கள். பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் அகழ்வைப்பகத்திலும் இதே பயிற்சியைச் செய்யலாம்.

அடுத்து, கல் எப்படி உடைகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். தடித்த கண்ணாடியின் உடைந்த விளிம்பைக் கையில் எடுக்காமல் உற்றுப் பாருங்கள். அடி விழுந்த புள்ளியிலிருந்து, குளத்தில் கல்லெறிந்தால் எழும் வளையங்களைப் போல, வரிகள் விரிந்து செல்வது தெரியும். மணல் துகள்கள் இறுகிப் படிகமாகிவிட்ட குவார்ட்சைட் கல்லும் ஏறத்தாழ இப்படித்தான் உடைகிறது. அதில் ஓடும் விரிசல் துகள்களைச் சுற்றிப் போகாமல் அவற்றை ஊடுருவிச் செல்வதால் கூர்மையான ஓரம் கிடைக்கிறது. அல்லிக்குழி மலைப்பகுதியின் கூழாங்கற்களும் பாறைகளும் இந்த வகைக் கல்லாக இருந்ததே இந்தப் படுகையில் இத்தனை கருவிகள் செய்யப்பட்டதற்கு முக்கியக் காரணம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பருமனான படிகங்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும் அந்தக் கல் சொரசொரப்பாக, ஒழுங்கில்லாமல் உடையும். பல கற்களில் குவாரியில் துளையிட்ட தடமும் நீண்ட குழலாகத் தெரியும். ஒரு மாலை அந்தக் கரையோரம் நடந்து, இயந்திரம் உடைத்த கல்லின் முகம் எப்படி இருக்கும் என்று மனதில் பதித்துக்கொண்டால், பின்னாளில் சாலையோர ஜல்லியைக் கண்டு ஏமாற மாட்டீர்கள்.

விருப்பமுள்ளவர்கள் தாமே ஒரு சில்லைப் பெயர்த்துப் பார்க்கலாம். ஆனால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்குத் தடித்த உறை, மூக்குக்கு முகக்கவசம், காலுக்கு மூடிய காலணி ஆகிய நான்கும் இல்லாமல் தொடங்கக் கூடாது. குவார்ட்சைட் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். செடிக் கடைகளில் கிடைக்கும் உள்ளங்கை அளவுக் கூழாங்கற்கள் போதும். ஒன்றைத் தொடைமேல் தடித்த துணி விரித்து அதில் வைத்துக்கொண்டு, விளிம்பின் கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருக்கும் இடத்தைத் தேடி, அந்த விளிம்பிலிருந்து சற்றே உள்ளே தள்ளி மற்றொரு கல்லால் அடியுங்கள். கோணம் 90 பாகையைத் தாண்டினால் எவ்வளவு பலமாக அடித்தாலும் சில்லு பெயராது, கல்தான் நசுங்கும். பத்து முறை தவறிய பிறகு ஒரு சில்லு சுத்தமாகப் பெயர்ந்து விழும்போது, இரண்டு முகமும் சமச்சீராக வந்த ஒரு கைக்கோடரியில் எவ்வளவு முன்யோசனை அடங்கியிருக்கிறது என்பது கை வழியே புரியும். தரையில் தார்ப்பாய் விரித்து வேலை செய்து, முடிந்ததும் விழுந்த சில்லுகள் அனைத்தையும் அதோடு அள்ளி, தேதி எழுதிய பையில் போட்டு வையுங்கள். ஆற்றோரத்திலோ வயலிலோ கொட்டிவிட்டால், பின்னால் வரும் ஒருவர் அவற்றை உண்மையான கருவிகள் என்று பதிவு செய்துவிடக்கூடும்.

இனி அடையாளங்களுக்கு வருவோம். பெயர்ந்த சில்லின் ஒரு முனையில், அடி விழுந்த சிறிய தளம் இருக்கும். அதற்குக் கீழே உள்முகத்தில் மெல்லிய புடைப்பு ஒன்று தெரியும். அதை அடிக்குமிழ் என்கிறோம். அந்தக் குமிழிலிருந்து அலைவரிகள் கீழ்நோக்கி விரியும். சில்லைக் கொடுத்த கருக்கல்லில் இதன் எதிர்ப்பதிவாக ஒரு குழிவு நிற்கும், அதுவே தழும்பு. இந்த அடையாளங்களில் ஒன்றிரண்டு, வெள்ளத்தில் உருண்டு மோதிய கல்லிலும் வரக்கூடும் என்பதை மறக்கக் கூடாது. ஒரே ஓரத்தில், அடுத்தடுத்து, ஒரு தழும்பின் மேல் இன்னொரு தழும்பு ஏறியிருந்து, அவையெல்லாம் சேர்ந்து ஒரு வடிவத்தை நோக்கிச் சென்றிருந்தால்தான் மனிதக் கை என்று சொல்லலாம். தழும்புகளின் நிறத்தையும் பாருங்கள். பழைய தழும்பு கல்லின் மற்றப் பகுதியைப் போலவே மங்கியோ செம்மை படிந்தோ இருக்கும்; அண்மையில் ஏர்க்கொழுவோ வண்டிச் சக்கரமோ பட்டு உடைந்த இடம் மட்டும் வெளிறித் தெரியும்.

கைக்கோடரி பெரும்பாலும் துளி வடிவிலோ முட்டை வடிவிலோ, இரு முகமும் செதுக்கப்பட்டு இருக்கும். பிளவுக்கோடரிக்கு முனைக்குப் பதில் அகலமான நேர்வெட்டு விளிம்பு உண்டு. பின்வந்த இடைப் பழைய கற்காலத்தில் கைக்கோடரி குறைந்து, முன்கூட்டியே கருக்கல்லைத் தயார்செய்து வேண்டிய அளவில் சில்லைப் பெயர்க்கும் லெவல்வா முறையும் சிறிய கூர்முனைகளும் சுரண்டிகளும் வருகின்றன.

களத்துக்குப் போகும் நாளில் கல்லை எடுக்காமல் இருப்பதே முதல் விதி. நான் பழகத் தொடங்கிய நாட்களில், ஓடையோரம் கிடந்த அழகான ஒரு சுரண்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கழுவிய பிறகுதான், அது செஞ்சரளையில் கிடந்ததா, அதற்குக் கீழே இருந்த களிமண்ணிலிருந்து மழையில் அரித்து வந்ததா என்று எனக்கே தெரியாது என்பது உறைத்தது. அந்தக் கல் இனி எதையும் சொல்லாது. அத்திரம்பாக்கத்தில் களிமண் அடுக்குக்குள் கருவிகள் கிடைத்ததுதான் பெரிய சான்றானது. நுண்ணிய களிமண்ணை மெல்லப் படியவைத்த தண்ணீர் கனமான கற்களை உருட்டி வந்திருக்காது என்பதால், அவற்றை மனித மூதாதையர்தாம் வேறிடத்திலிருந்து கொண்டுவந்தார்கள் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வர முடிந்தது. கல் இருந்த இடம் குறிக்கப்படாமல் போயிருந்தால் அந்த முடிவு இல்லை.

ஆகவே கல்லைக் கண்டதும், அது கிடக்கும் நிலையிலேயே, பக்கத்தில் அளவுகோலும் வடக்கைக் காட்டும் அம்புக்குறி அட்டையும் வைத்துப் படம் எடுங்கள். கைப்பேசியில் இருப்பிட எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் என்ன மண், அருகில் ஓடை இருக்கிறதா, ஓரங்கள் கூராக இருக்கின்றனவா, நீரில் உருண்டு மழுங்கியிருக்கின்றனவா என்பதை இரண்டு மூன்று வரிகளில் எழுதுங்கள். தோண்டுவது மத்திய தொல்லியல் துறையின் அனுமதி பெற்றவர்களுக்கு மட்டுமே உரியது. நூறாண்டுக்கு மேற்பட்ட இத்தகைய பொருள்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வருவன என்பதால், விற்பதையும் வாங்குவதையும் நினைக்கவே கூடாது. மண் அள்ளும் இடத்திலோ வீட்டுக் கடைக்காலிலோ கருவிகள் வெளிப்பட்டால், வேலையைச் சற்று நிறுத்தச் சொல்லி, கிராம நிர்வாக அலுவலருக்கும் தொல்லியல் துறைக்கும் படத்துடன் எழுதுங்கள்.

அளக்கும் பயிற்சியை நீங்களே உடைத்த சில்லுகளைக் கொண்டே செய்யலாம். பாரிமுனைப் பக்கக் கருவிக் கடைகளில் வெர்னியர் காலிப்பர் கிடைக்கும். சில்லின் நீளம் என்பது அதன் மிக நீண்ட பக்கம் அன்று. அடி விழுந்த புள்ளியிலிருந்து அடி சென்ற திசையில் அளப்பதே நீளம், அதற்குச் செங்குத்தாக அளப்பது அகலம். புதியவர்கள் பலரும் தவறுவது இங்கேதான். வரையும்போது ஒளி இடப்புற மேல் மூலையிலிருந்து விழுவதாகக் கொண்டு, ஒவ்வொரு தழும்புக்கும் அலைவரிகளை அடி விழுந்த திசைக்கேற்ப வளைத்துப் போட வேண்டும். உரிக்கப்படாத பழைய மேல்தோலைப் புள்ளிகளால் காட்ட வேண்டும். முன்முகம், பக்கவாட்டு, பின்முகம் மூன்றும் வேண்டும். படம் எடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். படம் எடுக்கும்போது நாம் எதையும் முடிவு செய்வதில்லை. வரையும்போது எந்தத் தழும்பு முந்தியது, எது பிந்தியது என்று ஒவ்வொன்றாக முடிவு செய்தே தீர வேண்டும். அதனால்தான் வரைவதை விட்டுவிடாதீர்கள் என்கிறேன்.

காலத்தைப் பொறுத்தவரை, வடிவத்தை மட்டும் பார்த்து ஆண்டு சொல்ல முடியாது. தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்பு தலைமையிலான குழு 1999 முதல் அத்திரம்பாக்கத்தில் அகழ்ந்து, 2011இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு வழிகளைச் சேர்த்துப் பயன்படுத்தியது. நிலத்தின் மேல் கிடக்கும் படிகக்கல்லில் விண்கதிர்கள் பட்டு அலுமினியம் 26, பெரிலியம் 10 என்னும் அணுக்கள் உருவாகின்றன. கல் ஆழத்தில் புதைந்ததும் புதிதாக உருவாவது ஏறக்குறைய நின்று, இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சிதைகின்றன; எஞ்சிய விகிதத்தைக் கொண்டு, புதைந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணக்கிடுகிறார்கள். மற்றொன்று, படிவுகளில் உறைந்திருக்கும் பழைய காந்தத் திசை. கைக்கோடரிகள் கிடைத்த அடுக்குகளில் அது இன்றைய திசைக்கு எதிராக இருந்தது. புவிக்காந்தம் கடைசியாகத் திரும்பியது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு என்பதால், அந்த அடுக்குகள் அதற்கும் முந்தியவை. 2018இல் வெளியான அடுத்த ஆய்வு, அங்கே இடைப் பழைய கற்கால முறை சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியதாக ஒளியுமிழ்வுக் காலக்கணிப்பால், அதாவது மண் துகள்கள் கடைசியாக வெயில் பட்டுப் புதைந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணக்கிடும் முறையால், காட்டியது. இந்த முறைகள் எல்லாமே கருவி கிடந்த அடுக்கையே சார்ந்தவை என்பதைக் கவனியுங்கள்.

வேட்டையாடியவர்களைப் பற்றிப் பேசும்போதும் இதே நிதானம் தேவை. அத்திரம்பாக்கத்தில் பழங்கற்கால அடுக்கில் மாட்டினம், குதிரையினம் ஆகியவற்றின் புதைபடிவப் பற்கள் கிடைத்துள்ளன; கருவி செய்தவர்களின் எலும்பு கிடைக்கவில்லை. கைக்கோடரி இறைச்சி அறுக்கவும் உதவும், மரம் செதுக்கவும் உதவும். அந்த விலங்கை அவர்களே கொன்றார்களா, செத்துக் கிடந்ததை அறுத்தார்களா என்று வடிவம் சொல்வதில்லை. ஓரத்தில் உள்ள தேய்மானத்தை நுண்ணோக்கியில் பார்த்துப் பயன்பாட்டை ஊகிக்கும் முறை உண்டு என்றாலும், சொரசொரப்பான குவார்ட்சைட்டில் அது எளிதன்று. எனவே உங்கள் நோட்டில் வேட்டைக் கருவி என்று எழுதாமல், கைக்கோடரி, குவார்ட்சைட், இரு முகமும் செதுக்கியது, ஒரு பக்கம் மேல்தோல் உண்டு, ஓரம் மழுங்கவில்லை, செஞ்சரளை மேற்பரப்பில் கிடந்தது, இடத்திலேயே விடப்பட்டது என்று எழுதித் தேதியிடுங்கள்.