கறிவேப்பிலையை உருவாதீர்கள், கொம்போடு வெட்டுங்கள்

கோலாலம்பூர் அடுக்குமாடி வீடுகளில் கறிவேப்பிலை வளர்ப்பவர்கள் பலர், தாளிப்புக்கு வேண்டிய நாலைந்து இலைகளைக் கீழிருந்து உருவிக்கொண்டு நுனியைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்ட செடி ஒற்றைக் குச்சியாக உயர்ந்துகொண்டே போகும், புதராக அடர்வதில்லை. நுனியை வெட்டினால்தான் கீழே கணுக்களில் உறங்கும் மொட்டுகள் விழித்து, ஒரு கொம்பு நின்ற இடத்தில் இரண்டு மூன்று கிளைகள் வெடிக்கும். ஆகவே சமையலுக்குப் பறிப்பதையே கவாத்தாக, அதாவது கிளைக்க வைக்கும் வெட்டாகக் கருதி, கணுவுக்குச் சற்று மேலே கூரிய கத்தரியால் வெட்டுங்கள்.

விதை போடுவதானால், கறுத்துப் பழுத்த கனியின் சதையை நீக்கி உடனே ஊன்ற வேண்டும். காய்ந்த விதை பெரும்பாலும் முளைக்காது. அதைவிட நல்லது, தரைவீட்டில் மரம் வைத்திருக்கும் உறவினரிடம் வேர்க்கன்று ஒன்றைக் கேட்டு வாங்கி, இரண்டு வாரம் நிழலில் தேற்றிப் பிறகு வெயிலுக்கு நகர்த்துவது. அடியில் துளையுள்ள 12 அங்குலத் தொட்டி, மணல் கலந்த மண், மக்கிய எரு, நாளுக்கு 6 மணி நேர வெயில் ஆகியவை போதும். நம் ஊரின் மாலை மழை தொட்டியில் தேங்கினால் வேர் அழுகிவிடும். தொட்டிக்கடியில் தட்டு வைக்காதீர்கள். அதில் நிற்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

இளந்தளிரில் பறவை எச்சம்போல் ஒட்டியிருப்பதை உற்றுப் பாருங்கள். அது பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்ததும் இலைப்பச்சையாக மாறும் அது, தொட்டால் தலைக்குப் பின்னிருந்து கொம்புபோல் ஒன்றை நீட்டி நாற்றம் வீசும். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்ததால், பக்கத்தில் எலுமிச்சைத் தொட்டி இருந்தால் அதையும் தேடிப் பாருங்கள். உண்ணும் இலைக்கு மருந்தடிப்பதை நான் ஒப்புவதில்லை, கையால் எடுத்துவிடலாம்.

மீன் கறிக்கு நான் இலையை இருமுறை சேர்ப்பேன். முதலில், ஈரம் துடைத்த ஒரு கொத்தை வெந்தயம் சிவந்த எண்ணெயில் போட்டு, படபடப்பு அடங்கியதும் சின்ன வெங்காயத்தை வதக்குவேன். அந்த மணம் எண்ணெயோடு குழம்பு முழுவதும் இறங்கும். கடைசியில் அடுப்பை அணைத்தபின், இன்னொரு கொத்தைக் கையால் கசக்கிப் போட்டு 10 நிமிடம் மூடிவைப்பேன். இந்த இரண்டாவது கொத்தின் பச்சை வாசனைக்காகத்தான் தொட்டிச் செடி வேண்டும் என்கிறேன். குளிர்பெட்டியில் ஒரு வாரம் கிடந்த இலையில் அது மிஞ்சுவதில்லை.