தேடுபொறி அல்காரிதம் மாறியபின் தளத்தைச் சீரமைப்பது எப்படி?

எந்தப் பக்கம் தேடல் முடிவுகளில் முன்னே வர வேண்டும் என்று தீர்மானிக்கும் கணினி விதிமுறையே தேடல் அல்காரிதம். கூகுள் அதில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான சிறு மாற்றங்களைச் செய்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை நம் கவனத்துக்கு வருவதே இல்லை. ஆண்டுக்குச் சில முறை வெளியாகும் ‘கோர் அப்டேட்’ எனும் பெரிய மாற்றம் அப்படியன்று. அதன்பின் ஒரு தளத்தின் வருகைகள் பாதியாகக் குறையவும் கூடும். அந்த வேளையில் பதற்றத்தோடு தலைப்புகளையும் இணைப்புகளையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், எந்த மாற்றம் என்ன விளைவைத் தந்தது என்பதை அறிய வழியில்லாமல் போய்விடும். ஆகவே, பின்வரும் வரிசையில் செல்லுங்கள்.

முதல் படி: தேதியை உறுதிசெய்யுங்கள்

கூகுளின் ‘சர்ச் ஸ்டேட்டஸ் டாஷ்போர்டு’ பக்கத்தில் ஒவ்வொரு பெரிய அப்டேட்டும் தொடங்கிய நாளும் முடிந்த நாளும் பதிவாகியிருக்கும். 2024 மார்ச் 5 அன்று தொடங்கிய கோர் அப்டேட் ஏப்ரல் 19 அன்றுதான் முடிந்தது. இடைப்பட்ட நாட்களில் தரவரிசை ஏறி இறங்குவது இயல்பு. அப்டேட் முடிந்து ஒரு வாரமாவது ஆகும்வரை எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இரண்டாம் படி: எண்களை ஒப்பிடுங்கள்

தேடலில் தம் தளம் எப்படித் தோன்றுகிறது என்பதைத் தள உரிமையாளர்களுக்குக் காட்டும் கூகுளின் ‘சர்ச் கன்சோல்’ கருவியின் செயல்திறன் அறிக்கையில், அப்டேட் தொடங்குவதற்கு முந்தைய ஒரு வாரத்தையும் முடிந்ததற்குப் பிந்தைய ஒரு வாரத்தையும் பக்கம் வாரியாகவும் தேடல் சொல் வாரியாகவும் ஒப்பிடுங்கள். சராசரி இடம் மாறாமல், தேடல் முடிவுகளில் பக்கம் காட்டப்பட்ட எண்ணிக்கை மட்டும் குறைந்திருந்தால், அந்தப் பொருளைத் தேடுவோரே குறைந்திருக்கலாம். இந்த அறிக்கை 16 மாதத் தரவைக் காட்டுவதால், முந்தைய ஆண்டின் அதே வாரத்தையும் பார்த்துவிடுவது நல்லது. 2-ஆம் இடத்திலிருந்து 4-ஆம் இடத்துக்கு இறங்கிய பக்கத்தைத் தொட வேண்டாம். நன்றாக இருக்கும் பக்கத்தைத் திருத்திக் கெடுத்துக்கொள்வதற்கே அங்கு வாய்ப்பு அதிகம். முதல் பக்கத்திலிருந்தே மறைந்துபோனவற்றைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பிற காரணங்களை விலக்குங்கள்

கூகுள் ஊழியர்கள் நேரடியாக விதிக்கும் ‘மேனுவல் ஆக்‌ஷன்’ எனும் தண்டனை ஏதேனும் உள்ளதா, பக்கத்தைத் தேடலில் காட்டாதே என்று சொல்லும் ‘நோஇண்டெக்ஸ்’ குறி தவறுதலாகச் சேர்ந்துவிட்டதா, தேடுபொறி எந்தப் பக்கங்களைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பு பக்கங்களைத் தடுக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அல்காரிதத்தைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

நான்காம் படி: மாற்றங்களின் போக்கை அறியுங்கள்

2011-இல் வந்த ‘பாண்டா’ எனும் கூகுள் அப்டேட், சாரமில்லாத பக்கங்களை மலைபோல் குவித்திருந்த தளங்களைப் பின்னுக்குத் தள்ளியது. மறு ஆண்டில் வந்த ‘பென்குயின்’, விலைக்கு வாங்கிய இணைப்புகளையும் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் திணிப்பதையும் குறிவைத்தது. 2015 ஏப்ரலிலிருந்து, கைப்பேசியில் தேடும்போது கைப்பேசிக்கு ஏற்ற பக்கங்கள் முன்னுரிமை பெற்றன. 2019-இல் ‘பெர்ட்’ எனும் மொழியறியும் தொழில்நுட்பம் வந்தபின், தேடல் வாக்கியத்தின் பொருளையே தேடுபொறி கூடுதலாக உணரத் தொடங்கியதால், தேடுவோர் தட்டச்சு செய்யும் சொற்றொடரை அப்படியே கட்டுரையில் பதிக்கும் பழக்கம் மதிப்பிழந்தது. 2022-இல் வந்த ‘ஹெல்ப்ஃபுல் கன்டென்ட்’ முறை, தேடுபொறிக்காக மட்டுமே எழுதப்பட்டவற்றைப் பின்தள்ள முயன்றது. 2024 மார்ச்சில் அது மைய அல்காரிதத்துடனேயே இணைக்கப்பட்டது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் அடிபட்டது பெரும்பாலும் குறுக்குவழிதான் என்பது என் கணிப்பு. அதனால்தான் புதிதாகக் கற்பவர்கள் அல்காரிதத்தின் ஓட்டைகளைத் தேடுவதில் ஒரு மணி நேரத்தைக்கூடச் செலவிட வேண்டாம் என்று வலியுறுத்துகிறேன்.

ஐந்தாம் படி: பக்கங்களைத் திருத்துங்கள்

குறித்துவைத்த பக்கங்களுள் அதிக வருகை இழந்த ஒன்றை எடுத்து, அதற்குரிய தேடல் சொல்லை நீங்களே தேடி, இப்போது முன்னிலையில் இருப்பவற்றை முழுமையாகப் படியுங்கள். வாசகரின் கேள்விக்கு அங்கே நேரடி விடை இருந்து, உங்கள் பக்கத்தில் அது நான்கு பத்திகளுக்குப் பின் வருகிறதென்றால், திருத்த வேண்டிய இடம் அதுதான். நீங்களே செய்து பார்த்து அறிந்ததையும், நீங்களே எடுத்த படங்களையும் சேருங்கள். உள்ளடக்கத்தைத் தொடாமல் வெளியீட்டுத் தேதியை மட்டும் புதுப்பிப்பது வாசகரை ஏமாற்றுவதாகும். பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 வினாடிக்குள் தோன்றுகிறதா என்பதையும் சோதியுங்கள். எனினும், வேகம் மட்டுமே வெறுமையான கட்டுரையைக் கைதூக்கிவிடாது.

ஆறாம் படி: பதிவு செய்து காத்திருங்கள்

எந்தப் பக்கத்தில், எந்த நாளில், எதை மாற்றினீர்கள் என்று ஒரு விரிதாளில் எழுதிவையுங்கள். சில மாற்றங்களின் பலன் சில நாட்களிலேயே தெரியும். சிலவற்றுக்கு மாதங்கள் ஆகலாம், அடுத்த கோர் அப்டேட் வரையும்கூடக் காத்திருக்க நேரிடலாம். அது முடிந்து ஒரு வாரம் கழித்து, இரண்டாம் படியில் செய்த ஒப்பீட்டை அதே பக்கங்களுக்கு மீண்டும் செய்யுங்கள்.